கட்டடங்களில் வெப்ப இதமும் ஆற்றல் சிக்கனமும்: ஆய்வுப் பணிக்கு வர விரும்பும் மாணவருக்கு ஒரு பதில்

கட்டடக்கலையில் பட்டம் பெற்று இப்போது முதுகலையின் இறுதியாண்டில் இருப்பதாகவும், கட்டடங்களின் ஆற்றல் சிக்கனம், வெப்ப இதம் ஆகியவற்றில் முனைவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்குச் செல்ல எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இத்துறையில் உண்மையில் என்ன ஆய்வு செய்கிறார்கள், சிமுலேஷன் மென்பொருளில், அதாவது கட்டடத்தின் வெப்பத்தையும் மின்செலவையும் கணினியில் கணித்துப் பார்க்கும் மென்பொருளில், தேர்ச்சி இருந்தால் போதுமா, வாழ்நாள் பணியாக இது நிலைக்குமா என்பவை உங்கள் கேள்விகள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டின் விடையும் அதைச் சார்ந்தே இருக்கிறது. மென்பொருள் மட்டும் போதாது. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதைச் சுவரும் கூரையும் கண்ணாடியும் இயந்திரமும் தீர்மானிக்கின்றன என்பது உண்மையே; ஆனால் அவை அனைத்துக்கும் முன்பாக, உள்ளே இருப்பவருக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்ற ஓர் எண் கணக்கில் நுழைந்துவிடுகிறது. அந்த எண்ணை மென்பொருள் கண்டுபிடித்துத் தராது. நாம்தான் அதற்குக் கொடுக்கிறோம். மனிதர்கள் இருக்கும் இடத்துக்கே சென்று, அந்த நேரத்து வெப்பத்தை அளந்துகொண்டே அவர்களிடம் கேட்டால்தான் அது கிடைக்கும். இந்தக் களப்பணியில் விருப்பம் உண்டென்றால் தயங்காமல் வாருங்கள். அதில் விருப்பமில்லாமல் கணினியின் முன் மட்டும் அமர்ந்திருக்க எண்ணினால், கட்டுரைகள் வெளிவரலாம், பட்டமும் கிடைக்கலாம், ஆனால் இத்துறைக்குத் தேவையான புதிய அறிவு அதிலிருந்து பெரிதாக வராது என்பது என் உறுதியான கருத்து.

இத்துறை வளர்ந்த விதத்தைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த போவ்ல் ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட முனைவர் ஆய்வேடுதான் இன்றைய வெப்ப இத ஆய்வின் அடித்தளங்களில் முதன்மையானது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் டென்மார்க்கிலும், வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் விரும்பியவாறு மாற்றக்கூடிய சோதனை அறைகளில் கல்லூரி மாணவர்களை அமரவைத்துப் பெற்ற விடைகளின்மீது அவர் தம் சமன்பாட்டை எழுப்பினார். காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் உடை, உடலுழைப்பு ஆகிய ஆறும் தெரிந்தால், ஓர் அறையில் இருப்பவர்கள் சராசரியாக எவ்வளவு குளிராகவோ வெம்மையாகவோ உணர்வார்கள் என்பதை அது முன்கூட்டியே சொல்லும். பி.எம்.வி. (முன்கணித்த சராசரி உணர்வு) என்று நாம் சுருக்கமாக அழைக்கும் இந்த அளவுகோல் 1984-இல் ஐ.எஸ்.ஓ. 7730 என்ற பன்னாட்டுத் தரநிலையாயிற்று. மிகப் பொருத்தமான நிலையிலும்கூட நூற்றுக்கு 5 பேர் நிறைவடைய மாட்டார்கள் என்று அந்தச் சமன்பாடே ஒப்புக்கொள்வதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே வெப்பநிலை என்ற ஒன்று இல்லை என்பதை இத்துறை தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. ஃபாங்கர் பிற்காலத்தில் அறைக் காற்றின் தரத்தை நோக்கித் தம் ஆய்வை விரித்தார். 1998-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ளகச் சூழலுக்கும் ஆற்றலுக்குமான பன்னாட்டு மையத்தைத் தொடங்கினார். ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வாளர் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு அவருடைய பணிவாழ்க்கை நல்ல சான்று.

அந்தச் சமன்பாட்டைத் தரநிலையாக்கியபோது, கோடைக்கால அலுவலகங்களுக்கான வழக்கமான வடிவமைப்பு எல்லை 24.5 டிகிரிக்கு ஒன்றரை டிகிரி மேலும் கீழும் என்று அமைந்தது. உலகின் எந்த மூலையில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தாலும் அதற்கு இதே எண்தான் என்ற நிலை இங்கிருந்து வளர்ந்தது. இதற்கு மாறான சான்றுகள் முன்பே இருந்தன. சி. ஜி. வெப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1950-களில் சிங்கப்பூரில் களத்தரவு திரட்டினார். வட இந்தியாவின் ரூர்க்கியிலும் ஈராக்கின் பாக்தாத்திலும் திரட்டிய தரவுகளை 1974-இல் ஃபெர்கஸ் நிக்கோல் அலசியபோது, 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் காற்றோட்டம் இருந்தால் மக்கள் இதமாக உணர்வது தெரியவந்தது. மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் அதே காலத்தில் பல நாட்டுக் கள ஆய்வுகளைத் தொகுத்து, மக்கள் பொருத்தம் என்று சொல்லும் வெப்பநிலை இடத்துக்கு இடம் பத்து டிகிரிக்கும் மேல் வேறுபடுவதையும், அது அவர்கள் வாழும் ஊரின் வெளிவெப்பத்தோடு சேர்ந்தே நகர்வதையும் காட்டினார். மனிதர் வெப்பத்தை வெறுமனே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை; சன்னலைத் திறக்கிறார், மின்விசிறியைப் போடுகிறார், உடையை மாற்றுகிறார், நிழலுக்கு நகர்கிறார், முந்தைய வாரங்களின் வெயிலுக்கு அவருடைய உடல் பழகுகிறது, எதிர்பார்ப்பும் மாறுகிறது. இதற்குத் தகவமைவுக் கோட்பாடு என்று பெயர். ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 தரவுகளைத் திரட்டி 1998-இல் இதை நிலைநாட்டினர். 2004-இல், குளிர்பதன, காற்றுச்சீரமைப்புப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே வெளியிடும் 55-ஆம் எண் வெப்ப இதத் தரநிலையில், இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களுக்கு மட்டும் இது இடம் பெற்றது. ஃபாங்கரும் தம் மாதிரியைக் கைவிடாமல் 2002-இல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து, வெப்ப நாடுகளின் ஏசி இல்லாத கட்டடங்களுக்காக எதிர்பார்ப்புக் காரணி ஒன்றை, அதாவது வெப்பத்துக்குப் பழகியவர்களின் குறைந்த எதிர்பார்ப்புக்கு ஏற்ப விடையைக் குறைக்கும் ஒரு பெருக்கெண்ணை, அதில் சேர்த்தார். இந்த விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. முனைவர் ஆய்வுக்கு வருபவர் இரு தரப்பையும் மூலக் கட்டுரைகளிலேயே படிக்க வேண்டும். பாடநூல் சுருக்கங்கள் இரண்டையும் எதிரிகளாகக் காட்டிவிடுகின்றன.

இந்தியாவில் இந்தக் கதைக்குத் தனி வரலாறு உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் மூன்று கோடைகளில் 18 இளைஞர்களிடம் திரட்டிய தரவைக்கொண்டு 1986-இல், கோடை வெம்மையின் உணர்வை ஒரே எண்ணாகச் சொல்லும் வெப்பமண்டலக் கோடைக் குறியீட்டை வெளியிட்டார்கள். ஆட்கள் குறைவு, அனைவரும் இளைஞர்கள், ஒரே ஊர் என்ற குறைகள் இருந்தாலும், நம் நாட்டு மக்களையே கேட்டுப் பெற்ற எண் என்பதால் அது நீண்ட காலம் பயன்பட்டது. அதன்பின் நெடும் இடைவெளி. மாதவி இந்திரகண்டி 2008-இல் ஐதராபாத் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செய்த ஆய்வில் மக்கள் பொருத்தம் என்று சொன்ன வெப்பநிலை 29 டிகிரியை ஒட்டி இருந்தது. தொடர்ந்து சென்னையிலும் ஐதராபாத்திலும் 28 அலுவலகங்களில் 2012 முதல் பதினான்கு மாதங்கள் நடந்த ஆய்வில் 2,787 பேர் பங்கேற்றனர். ஏசி ஓடாத நேரங்களில் 28 டிகிரியும் ஏசி ஓடும் நேரங்களில் 26.4 டிகிரியும் அவர்களுக்குப் பொருத்தமாக இருந்தன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகக் குழு, டி டியர் முதலியோருடன் சேர்ந்து, அகமதாபாத், பெங்களூர், சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களின் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 விடைகளைத் திரட்டி ஐமேக் எனப்படும் இந்தியத் தகவமைவு மாதிரியை 2016-இல் வெளியிட்டது. அதே ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது இடம் பெற்றது. குடியிருப்புகளுக்கான மாதிரி 2022-இல் வந்தது.

இந்த மாதிரிகள் சொல்வதென்ன என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். சென்னையில் மே மாதத்தில் முந்தைய 30 நாட்களின் வெளிவெப்பச் சராசரி 31 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆஷ்ரேயின் தகவமைவுச் சமன்பாட்டில் அதை 0.31-ஆல் பெருக்கி 17.8-ஐக் கூட்ட வேண்டும், 27.4 டிகிரி வரும். ஐமேக் சமன்பாட்டில், இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்துக்கு, 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும், 29.6 டிகிரி வரும். உலகத் தரவுக்கும் இந்தியத் தரவுக்கும் இடையே இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு. தேவைப்படும்போது மட்டும் ஏசி போடும் கலப்புமுறைக் கட்டடத்துக்கு ஐமேக் தரும் எண் 26.5 டிகிரி. இவற்றோடு, பல அலுவலகங்கள் கட்டாயமாகப் பராமரிக்கும் 22 அல்லது 23 டிகிரியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏசியின் வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. புதிய அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 சனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும் இந்த அடிப்படையில்தான். பலரிடம் பொறுமையாகக் கேட்டுப் பெற்ற ஒரு விடை, நாடு முழுதும் உள்ள இயந்திரங்களின் இயக்கத்தை மாற்றும் வலிமை உடையது. பன்னாட்டு எரிசக்தி முகமை 2018-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் அப்போது 160 கோடியாக இருந்த ஏசிகள் 2050-க்குள் 560 கோடியாகும் என்று கணித்தது. அவற்றில் பெரும்பங்கு நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில்தான் பொருத்தப்படும். அவை எந்த எண்ணில் ஓடும் என்பதைக் குளிர்நாட்டுச் சோதனை அறைகளின் முடிவுகளுக்கு மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை.

மின்விசிறியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஆய்வாளர்களே அதை எளிய பொருள் என்று கடந்துபோகிறார்கள். குளிர்நாட்டுத் தரநிலைகளில் காற்று வீசுவது தொல்லை. கழுத்திலும் கணுக்காலிலும் படும் குளிர்க்காற்றைத் தவிர்க்கவே விதிகள் எழுதப்பட்டன. நமக்கோ வியர்வையை ஆற்றும் காற்றே இதத்தின் முதல் வழி. ஆஷ்ரே 55-இன் இன்றைய பதிப்பு, தகவமைவு முறையில், காற்றின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டராக இருந்தால் இதத்தின் மேல்எல்லையை 1.2 டிகிரியும், 1.2 மீட்டராக இருந்தால் 2.2 டிகிரியும் உயர்த்திக்கொள்ள இடம் தருகிறது. பழைய வகைக் கூரை மின்விசிறி 70 முதல் 75 வாட் எடுக்கும்; பி.எல்.டி.சி. எனப்படும் மின்சிக்கன மோட்டார் உள்ளது 30 வாட்டை ஒட்டி எடுக்கும். ஒன்றரை டன் ஏசியின் கம்ப்ரசர் முழுவேகத்தில் ஓடும்போது அது 1,500 வாட்டை நெருங்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் திறக்கப்பட்ட எஸ்.டி.இ. 4 கட்டடம், அறைகளை அளவோடு குளிர்வித்துக் கூரை மின்விசிறிகளை உடன் ஓட்டும் முறையைப் பல்கலைக்கழக அளவில் செயல்படுத்திக் காட்டியது. இரண்டும் சேர்ந்து ஓடும்போது மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், காகிதம் பறப்பதும் இரைச்சலும் எவ்வளவு தடை, அலுவலகத்தில் விசிறியின் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பவை எல்லாம் நல்ல ஆய்வுத் தலைப்புகள்.

களப்பணி எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். ஒருவர் தம் இருக்கையில் குறைந்தது கால் மணி நேரமாவது அமர்ந்திருந்த பிறகு, அவருக்கு அருகில், அமர்ந்திருப்பவரின் இடுப்பளவு உயரத்தில் கருவிகளை வைக்கிறோம். காற்று வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரு பதிவுக் கருவி, காற்றின் வேகத்துக்கு எல்லாத் திசைகளிலும் உணரும் அனிமோமீட்டர், கதிர்வீச்சு வெப்பத்துக்குக் கோள வெப்பமானி, அதாவது கருப்புக் கோளத்தின் நடுவில் வைத்த வெப்பமானி. இந்தக் கடைசிக் கருவிக்கு விலையுயர்ந்த செப்புக் கோளம் கட்டாயமில்லை. ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கருஞ்சாயம் பூசி உள்ளே சென்சாரை வைத்தாலும் அலுவலகச் சூழலில் நம்பகமாக அளக்கலாம் என்பதை ஹம்ஃப்ரீஸ் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். கருவி பதியும் அதே நேரத்தில் வினாத்தாள்: இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்பதற்குக் கடுங்குளிரிலிருந்து கடும்வெம்மை வரை ஏழு படிகள், இன்னும் குளிர்ச்சியாக வேண்டுமா வெதுவெதுப்பாக வேண்டுமா என்பதற்கு மூன்று விடைகள், இந்த நிலை ஏற்புடையதா என்பதற்கு ஒரு கேள்வி, உடை என்ன, கடந்த அரை மணியில் என்ன செய்தீர்கள், எது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உடையை எளிதாக எண்ணிவிட வேண்டாம். தரநிலை அட்டவணைகள் மேலைநாட்டு உடைகளைக் கொண்டு எழுதப்பட்டவை. சேலையின் வெப்பத்தடை அதைக் கட்டும் முறையைப் பொறுத்து மாறுவதை, வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மைக்கு உடுத்தி அளந்த பிறகே அறிந்தோம். உடல் வெளியிடும் வெப்பமும் அப்படித்தான். அலுவலக வெப்பக் கணக்குகள் ஒரு சராசரி ஆணின் உடலை அடிப்படையாகக் கொண்டிருப்பதால் பெண்களின் வெப்ப வெளியீட்டை அவை மிகையாக மதிப்பிடுகின்றன என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே: சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணையே அறை வெப்பமாக எடுத்துக்கொள்வது, காலையில் அளந்துவிட்டு மாலையில் வினாத்தாள் கொடுப்பது, அலுவலர்களைக் கேட்டுவிட்டு அதே கட்டடத்தின் காவலரையும் துப்புரவுப் பணியாளரையும் சமையலறையில் நிற்பவரையும் விட்டுவிடுவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனெனில் வெப்பத்தின் சுமையை அதிகம் தாங்குபவர்கள் அவர்கள். இன்னொன்று, மனிதரை உட்படுத்தும் ஆய்வு என்பதால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் களத்துக்குச் செல்லும் முன்பே பெற்றுவிட வேண்டும். பின்தேதியிட்டுப் பெறும் வழி கிடையாது.

சிமுலேஷனை நான் ஒதுக்கவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூரைக்கு வெப்பத்தடுப்பு இட்டால் என்ன ஆகும், கண்ணாடியைக் குறைத்தால் என்ன ஆகும், நிழல்தரும் சன்னல் மேற்கூரைக்கு எத்தனை அடி நீளம் வேண்டும் என்பவற்றைக் கட்டிப் பார்க்காமலே சோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை. இந்தியாவின் குடியிருப்பு ஆற்றல் விதியான 2018-இன் எகோ நிவாஸ் சம்ஹிதை, சுவர்களும் சன்னல்களும் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்சவரம்பை வைக்க முடிந்ததும் இத்தகைய கணக்குகளால்தான். ஆனால் மாதிரியை உண்மையான கட்டடத்தின் மின்கட்டணத்தோடும் அறை வெப்பத்தோடும் பொருத்திச் சரிபார்த்த பிறகே அதன் முடிவை நம்ப வேண்டும். ஆஷ்ரேயின் 14-ஆம் வழிகாட்டி இதற்கான பிழை எல்லைகளைத் தருகிறது. மாதாந்திரத் தரவில், மாதிரியின் கணக்கு உண்மை அளவிலிருந்து சராசரியாக ஒரு பக்கம் விலகுவது 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சரிபார்க்காத மாதிரியிலிருந்து இத்தனை விழுக்காடு மிச்சம் என்று எழுதும் ஆய்வேடுகளை மதிப்பீட்டாளர்கள் இப்போது எளிதாகத் திருப்பி அனுப்புகிறார்கள், அது சரியானதே.

சேரும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்ட் பல்கலைக்கழகம், ஜெய்ப்பூர் மாளவியா தேசியத் தொழில்நுட்பக் கழகம், ரூர்க்கியிலும் சென்னையிலும் மும்பையிலும் உள்ள ஐ.ஐ.டி.கள், ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி, திருச்சி என்.ஐ.டி.யின் கட்டடக்கலைத் துறை ஆகியவை தேடலைத் தொடங்க ஏற்றவை; இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு மொறட்டுவப் பல்கலைக்கழகம் கான்கிரீட் கூரைகளின் வெப்பத்தடுப்பில் நல்ல பணி செய்திருக்கிறது. கேட் அல்லது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். உங்களைப்போலக் கட்டடக்கலையிலிருந்து வருபவர்களுக்கு வெப்பப் பரிமாற்றமும் புள்ளியியலும் குறையாக இருக்கும். இயந்திரப் பொறியியலிலிருந்து வருபவர்களுக்கு மனிதர்களிடம் பேசுவதும் கட்டடத்தைப் படிப்பதும் குறையாக இருக்கும். முதல் ஆண்டிலேயே குறையை நிரப்பிக்கொள்ளுங்கள், குறிப்பாகப் புள்ளியியலை. ஏழு படி விடைகளை எப்படி அலச வேண்டும் என்பதே தனிப் பாடம்.

பணியாக இது நிலைக்குமா என்பதற்கு என் விடை, நிலைக்கும் என்பதே. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கள ஆய்வு குறைந்தது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் ஒரு பனிக்காலத்தையும் தொட வேண்டும். கோடையைத் தவறவிட்டால் ஓராண்டு போகும். அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி 57,700 ரூபாய். பல தனியார் கல்லூரிகளில் இதைவிடக் குறைவாகவே தருகிறார்கள், அந்த உண்மையை மறைக்க விரும்பவில்லை. அதற்கு ஈடாக, கட்டட ஆற்றல் விதிகளை நடைமுறைப்படுத்தும் பணி மாநிலங்களில் விரிவதால், ஆலோசனைப் பணிகளும் அரசுக் குழுக்களில் பங்கேற்பும் முன்பைவிட அதிகம் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, வீடுகளின் உள்வெப்பத்தைப் பற்றி நிர்வாகத்தினரும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் போதிய தரவு இல்லை என்பதே உங்களைப் போன்றவர்களுக்கான வேலை. கிடைத்துள்ள ஆய்வுகளில் பெரும்பகுதி பகல்நேர அலுவலகங்களைப் பற்றியது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளத்தின் கீழ் இரவு பத்து மணிக்குப் படுப்பவர் எந்த வெப்பத்தில் உறங்குகிறார், எந்த வெப்பத்தில் விழித்துக்கொள்கிறார் என்பதற்கு நம் ஊர்களிலிருந்து மிகக் குறைந்த அளவீடுகளே உள்ளன. தகரக் கூரையின் கீழ் இயங்கும் பின்னலாடைக் கூடங்கள், மேல்மாடி வகுப்பறைகள், குடிசை மாற்றுக் குடியிருப்புகளின் உச்சித்தளம், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் ஆகிய எல்லா இடங்களிலும் இதே நிலைதான். இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் மின்கட்டணத்தின் படிநிலைகள், ஏசி வாங்கிய குடும்பம் அதை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறது என்பதை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதும் இதமும் பொருளாதாரமும் சந்திக்கும் கேள்வி.

ஆகவே, விண்ணப்பம் எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். வருகிற சித்திரையில், இரண்டு பதிவுக் கருவிகளைத் துறையிலிருந்து இரவல் பெற்று, உங்கள் விடுதியின் உச்சித்தளத்தில் ஓர் அறையிலும் தரைத்தளத்தில் ஓர் அறையிலும் வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு, அங்கே தங்கியிருப்பவர்களிடம் காலையில் எழுந்தவுடனும் இரவு படுக்கும் முன்னும் அந்த ஏழு படிக் கேள்வியையும் விருப்பக் கேள்வியையும் கேட்டு, நேரத்தோடு குறித்துவையுங்கள். இன்னொரு பக்கம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைக் கொண்ட ஆஷ்ரேயின் உலகளாவிய வெப்ப இதத் தரவுத்தளம் 2018 முதல் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. அதிலிருந்து இந்தியப் பதிவுகளைப் பிரித்து, உங்கள் விடுதி விடைகளை அவற்றோடு ஒரே வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். அந்த வரைபடத்தையும், அது எங்கே விலகுகிறது என்பதைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பையும் வழிகாட்டியாக வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பேராசிரியருக்கு அனுப்புங்கள். கூடவே, அவருடைய மாணவர்கள் கடைசியாகத் திரட்டிய களத்தரவைப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். இசைவாகக் காட்டுபவரிடம் சேருங்கள்.